கீழே இழுத்தால் மேலே வரும்

ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் லீவர் பிடிப்பது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் பார்க்க எதையாவது செய்யச் சொன்னால் கை வேர்த்துவிடும். அந்தக் கூச்சத்தால் செய்த ஒரு காரியம் இன்னும் மனதை அறுக்கிறது.

திருச்செங்கோட்டில் எங்கள் பட்டறைக்கு ஒரு பேராசிரியை வந்தார். இயந்திரங்களின் தொடுதிரையில் ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதிலேயே தலை நரைத்தவர். நூல் மில், ஆஸ்பத்திரி, எடைமேடை என்று எங்கெல்லாமோ பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்தவர். ஓய்வு பெறுமுன் கடைசி வேலையாக, லீவருக்குப் பதில் ரிக்குக்கு ஒரு திரை செய்திருந்தார்.

"தாராளமாத் தப்புப் பண்ணுங்க. பரீட்சை உங்களுக்கில்லீங்க, இந்தத் திரைக்குத்தான்" என்றார்.

முதலாளி எங்களிடம் தனியாகச் சொன்னது வேறு: "இதுல தேறுறவந்தான் புது வண்டிக்கு."

சோதனைக்கு முந்தின நாளே திரை முதலாளி அறைக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது அமுக்கிப் பார்த்தேன். குழிக்குள் துளை போடும் கம்பியைத் தூக்க நினைத்துக் கீழ் அம்பைத் தொட்டேன். படத்தில் கம்பி இறங்கியது. எங்கள் வண்டியில் லீவரைக் கீழே இழுத்தால்தான் கம்பி மேலே வரும். கை அப்படியே பழகிக் கிடந்தது. திரும்பத் திரும்ப அமுக்கிக் கையை மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு பிசகும் இல்லை. மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார் அந்த அம்மா. "சுலுவா இருக்குதுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

அடுத்து, என்னோடு ஒரே வண்டியில் இருக்கும் மச்சான். மண் மாறிப் பாறை வருவதைச் சத்தத்திலேயே சொல்கிறவர். கம்பியைத் தூக்கச் சொன்ன மூன்று முறையும் கீழ் அம்பையே தொட்டார்.

"ஏப்பா, அவன் அஞ்சாவது, நீ எட்டாவது. படிச்ச படிப்பெல்லாம் குழிக்குள்ள உட்டுட்டியா?" என்றார் முதலாளி.

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து, "உங்களுக்கு மட்டும் எப்படிங்க மொதல்லயே வந்துச்சு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

புது வண்டிக்கு என் பெயரைச் சொன்னார்கள். மச்சானைக் கம்பி அடுக்குகிற வேலைக்கு மாற்றினார்கள். மறு வாரம் அந்த அம்மா வந்தபோது, கம்ப்ரசர் மறைவில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இத்தன வருசமாப் பரீட்சை இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. சொல்ற எங்கிட்டத்தான் கோளாறு இருக்கும்" என்றார். நோட்டில் 'சுலுவு' என்று எழுதியதை அடித்தார். "இத அவருகிட்டச் சொன்னீங்களா?"

"இனிமேத்தானுங்க" என்றேன்.

அந்த அம்மா அடுத்த முறை கொண்டுவந்த திரையில் அம்பு போய் லீவர் படம் வந்திருந்தது. மச்சான் ஒரே தடவையில் செய்தார். "பரவால்ல, தேறிட்டான். புது வண்டிக்கு இவனும் போகட்டும்" என்றார் முதலாளி. திரைதான் திருந்தியது என்று சொல்ல வாய் வரவில்லை.

புது வண்டி சங்ககிரிக்குப் புறப்பட்ட அன்று, இருவரும் முன்சீட்டில் போகும்போதுதான் மச்சானிடம் சொன்னேன். முந்தின நாள் திருட்டுத்தனமாகப் பழகியதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பயத்துல பண்ணியிருப்ப, உடு" என்றார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்: "ஆனா அன்னைக்கு நீயும் சிரிச்சியே மாப்ளே, அது எதுக்கு?"