வேற?

"வேற?"

முகம் முழுக்க சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் கேட்பாள். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில், தோளில் பையும் கையில் மடித்த வெள்ளைக் கோட்டுமாக, ஒரு கால் கடைப் படியிலும் மறு கால் தெருவிலுமாக நின்று கேட்பாள்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா மாமா?"

"போடுறேம்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை."

போகமாட்டாள். எதிரே இருக்கும் கண்ணாடியில் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள். போலீஸ்காரர்கள் லத்தியோடு வந்தாலும் நான் இவ்வளவு சீக்கிரம் உண்மையைக் கக்கமாட்டேன். "தூக்கத்துக்கு ஒரு லேகியம்... சும்மா கொஞ்சூண்டு..." என்று இழுப்பேன். உடனே பிடித்துக்கொள்வாள். யார் கொடுத்தது, மாத்திரைக்கு முன்னாலா பின்னாலா, சாப்பிட்டதும் தலை சுற்றுகிறதா, டப்பா இருந்தால் நாளைக்கு எடுத்து வாருங்கள். திட்டமாட்டாள். கேட்டதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். எனக்குத்தான் அன்று முழுக்க லேகிய டப்பா பக்கம் கை போகாது.

சலூன்காரரின் ஒரே மகள். மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. கீழே கடை, மேலே வீடு. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்குக் கடை பெஞ்சுதான் கதி. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பவள், யாருக்காவது கன்னத்தில் கீறல் விழுந்தால் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து வருவாள். சவரத் தட்டிலிருந்து முதலில் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சு, அப்புறம் படிகாரக் கல். எரிகிறதா என்று கேட்டு ஊதியும் விடுவாள். அந்த ஊதலுக்காகவே வேண்டுமென்றே முகத்தை ஆட்டிய கிழங்கள் உண்டு.

அவளுடைய ஆசையின் விதை அந்தத் தட்டில்தான் விழுந்திருக்க வேண்டும். "நம்ம கடையில மருந்துப் பஞ்சும் படிகாரமும் பக்கத்துல பக்கத்துலதான மாமா இருக்கு? ஆஸ்பத்திரியில மட்டும் ஏன் சண்டை?" என்று ஒருமுறை கேட்டாள். ஒருங்கிணைந்த மருத்துவம் என்று அதற்குப் பெயராம். ஆங்கில மருந்தும் நாட்டு மருந்தும் இரண்டும் கற்று, எது எதோடு சேரும், எது எதோடு சேரவே கூடாது என்று தெரிந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர். இந்தப் படிப்பு முடிந்ததும் அதைப் படிக்கப் போவதாக வார்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பாடம் எடுக்கும் பெரிய டாக்டர் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்: ரெண்டுங்கெட்டான். "வாம்மா ரெண்டுங்கெட்டான், இந்த நோயாளிக்கு ஊசியா, கஷாயமா?" கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். இவளும் சிரித்துவைப்பாள். ஆனால் அந்தப் பெயர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் தொட்டு இரண்டையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

பயந்தாங்கொள்ளி என்று அவளை யாரும் சொல்லமுடியாது. பிணத்தை அறுப்பாள், தெருநாயை அதட்டுவாள். அவளைக் கதிகலங்க வைப்பது ஒரே ஒரு சொல்தான். 'ஒண்ணுமில்ல.'

அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில், மூட்டை தூக்கும் ஒரு அம்மாள் சிறுநீரகம் கெட்டு வார்டில் சேர்ந்தார். வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று இவளும்தான் கேட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்று அந்த அம்மாள் இவள் கன்னத்தைத் தட்டினார். இரண்டாம் நாள் தலையணை உறையை மாற்றும்போது அடியில் ஒரு நாட்டுப் பொடிப் பொட்டலம் இருந்தது. இடுப்பு வலிக்கு யாரோ கொடுத்தது. அதை ஆஸ்பத்திரியிலும் தின்றுகொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

"திட்டுவாங்கன்னு மறைக்கிறாங்க மாமா. அங்க சாப்பிடுறதை இங்க சொல்றதில்ல, இங்க சாப்பிடுறதை அங்க சொல்றதில்ல. நடுவுல ரெண்டும் தெரிஞ்ச ஒரு ஆளு வேணும். முக்கியமா, திட்டாத ஆளு."

'வேற?' வந்தது அதற்குப் பிறகுதான். கடைக்கு வருகிறவர், காய் விற்கிறவர், பஸ் கண்டக்டர், ஒருவர் பாக்கி இல்லை. அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் விட்ட ஒரே ஆள் அவளுடைய அப்பா.

அப்பாவிடம் கேட்க என்ன இருக்கிறது? அவர் சாப்பிடுவதெல்லாம் அவள் எடுத்துக் கொடுப்பதுதான். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை கொஞ்சம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கொஞ்சம் கூடினால் எங்காவது கசிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொழிலோ கத்தியோடு. காலையில் கிளம்புமுன் அவர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கையுறை வாங்கி வந்தாள். "உறை போட்டா கன்னம் எங்க இருக்குன்னே தெரியாதும்மா, மூக்கை எடுத்துடுவேன்" என்று அவர் அதைச் சீப்புகளுக்கு உறையாக்கிவிட்டார்.

மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குக் கத்திரிக்கோல் நின்றுவிடும். "மத்தவங்க வீட்ல பொண்ணு படிச்சா ஒரு டாக்டர் சார். என் வீட்ல ஒரே பொண்ணு ரெண்டு டாக்டர்." சலூனில் பேப்பரும் அரசியலும் எப்படி இலவசமோ அப்படியே வைத்தியமும் இலவசம். நாற்காலியில் உட்கார்கிற ஒவ்வொருவனும் ஒரு மருந்து சொல்லிவிட்டுப் போவான். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொள்வதோடு சரி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒருநாள் எனக்குப் பாதி முகம் மழித்தாகிவிட்டது. பிளேடு மாற்றும்போது அவருடைய ஆள்காட்டி விரலில் லேசாகப் பட்டது. ஒரு கீற்று, அவ்வளவுதான். படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், இப்ப நின்னுடும்" என்றார். நிற்கவில்லை. படிகாரக் கல் சிவந்தது. துண்டை எடுத்துச் சுற்றினார், துண்டும் நனைந்தது. மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் இறங்கி வந்து விரலைப் பார்க்கவில்லை. நேரே அவர் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமல் வந்த ரத்தக்கட்டு. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா."

மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் நம்பாத அந்தச் சொல்லை அப்பா சொன்னதும் நம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் பாதி மழித்த முகத்தோடு கூடவே போனேன். நர்ஸ் முதலில் என்னைத்தான் நோயாளி என்று நினைத்து மனநலப் பிரிவுக்கு வழி காட்டினார். சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. பரிசோதனையில் ரத்தம் தண்ணீராக இளகியிருப்பது தெரிந்தது. பெரிய டாக்டரே வந்தார். "வேற மருந்து ஏதாவது?" என்றார்.

"இல்ல சார். எனக்குத் தெரியாம அவர் எதுவும் சாப்பிட மாட்டார்."

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "தலை வலிக்குதும்மா" என்றார். சாதாரணமாக எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டதும் அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தாள். தலைக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத நான் அதிர்ஷ்டசாலி. ஸ்கேனுக்கு ஆள் வரும்வரை காத்திருந்தோம். அவள் நாடி பார்ப்பதற்காக அவர் கையை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே குனிந்து உள்ளங்கையை முகர்ந்தாள்.

"அப்பா. இது மூட்டுவலிப் பொடி வாசனை."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்கையில் கொட்டி நக்குகிற பொடி. சோப்புப் போட்டாலும் போகாத காட்டமான வாசனை. கடையில் இருக்கும்வரை நுரையும் பவுடரும் அதை மூடிவிட்டிருக்கின்றன.

"முட்டி வலிம்மா. நாள் பூரா நிக்கிறேன்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் ரெண்டையும் சேத்துப் பாக்கப் போறேன்னு சொன்னியே... உன்னை எல்லாரும் கிண்டல் பண்றாங்க. வலி விட்டதும் அந்தப் பெரிய டாக்டர் முன்னாடி போய் நின்னு, பாருங்க, ரெண்டும் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்னு காட்டலாம்னு இருந்தேன். உன்னோட முதல் பேஷண்டா நானே இருந்துட்டுப் போறேனே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கையை மெதுவாகப் படுக்கையில் வைத்துவிட்டு நடைபாதையில் ஓடினாள். "சார், நான் சொன்னது தப்பு சார்" என்ற குரல் எனக்குக் கேட்டது. பெரிய டாக்டர் வேகமாக வந்தார். "ஒரு ஊசியோட விட்டிருப்போம். பொடி உள்ள இருந்தா ரத்தம் மறுபடியும் இளகும், திரும்பத் திரும்பப் பாக்கணும்" என்று நர்ஸிடம் சொன்னார். அன்று அவர் அவளை ரெண்டுங்கெட்டான் என்று கூப்பிடவில்லை. "ஊரையே கேக்குற. உங்க அப்பாகிட்ட மட்டும் கேக்கத் தெரியலையேம்மா" என்றார். கூப்பிட்டிருந்தாலே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

தலைக்குள் கசிவு இல்லை. மனிதர் பிழைத்து வந்து கடையைத் திறந்துவிட்டார். அவள்தான் வெகுநாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பையும் கோட்டுமாகக் குனிந்த தலையோடு போய்விடுவாள். அவள் கேட்காததால் என் லேகியம்கூட எனக்கு ருசிக்கவில்லை. ஒருநாள் நானே வம்புக்கு இழுத்தேன். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா இருக்கு மாமா. ரெண்டுலயும் நல்லது இருக்குன்னு நான் சொன்னா, அவங்க காதுல ரெண்டையும் சேத்து விழுங்குன்னு விழுது. பெத்த அப்பாவுக்கே அப்படி விழுந்திருக்கு. நாளைக்கு போர்டு மாட்டி உக்காந்தா எத்தனை பேருக்கு விழும்?"

"அப்ப விட்டுடப் போறியா?"

"நான் விட்டா மட்டும் பொடி விக்கிறவன் விட்டுடுவானா?" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்திருந்தேன். முகம் முழுக்க நுரை, தொண்டையருகே கத்தி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேம்மா."

"வேற?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் உள்ளே வந்தாள். அவர் கையிலிருந்த கத்தியை வாங்கித் தட்டில் வைத்தாள். ஈரமான அந்த வலது உள்ளங்கையை விரித்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். கையை இறக்கினாள். ஆனால் நகரவில்லை.

"வேற?" என்றாள்.

அவர் இடது கையையும் நீட்டினார்.