காட்டுக்குள் இருந்த சித்தப்பா

பண்டாரவளை வரைக்கும் ரயில் வந்திருந்தது. பதுளைக்கு இன்னும் வரவில்லை. பெரிய யுத்தம் தொடங்கியிருக்கவில்லை. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். ஆகவே எனக்கு ஏழு வயதுக்கு மேல் இருந்திருக்க முடியாது. மழை விட்டு, புல்லில் அட்டை குறைந்திருந்தது நினைவிருப்பதால் மாதம் தை என்று துணிந்து சொல்கிறேன்.

அப்பா பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. எங்கள் வீட்டுக்கு மேலே, தேயிலை முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. பகலிலும் இருட்டு, மரமெல்லாம் பாசி. அது தனி நாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நாட்டின் சரித்திரத்தில் பாதி எங்களோடு இருந்த அத்தை சொன்னது. மீதி நான் சேர்த்தது. பாறை இடுக்குகளில் முழங்கால் உயர மனிதர்கள் வாழ்ந்தார்கள். நகங்கள் கத்திபோல நீண்டிருக்கும். (ஊவாக் காடுகளில் இப்படியொரு குள்ள இனம் இருந்ததாகப் பேச்சு உண்டு என்று பிற்காலத்தில் புத்தகங்களிலும் படித்தேன். ஆகவே அத்தை முழுவதும் இட்டுக்கட்டவில்லை.) அம்மாவின் குரலில் கூப்பிடும் பறவை உண்டு. பொழுது சாய்ந்தால் இடம் மாறி நிற்கும் மரங்கள் உண்டு. உள்ளே வந்தவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதே முகத்தோடு வேறொன்றை வெளியே அனுப்பும் பழைய மந்திரமும் அந்தக் குள்ளர்களுக்குத் தெரியும்.

காட்டுப் பாதை தொடங்குமிடத்தில் ஒரு கிளை தாழ்ந்திருந்தது. சிங்களவரோ தமிழரோ, உள்ளே நுழைகிற எவரும் பச்சைக் குழையொன்றை ஒடித்து அதில் தொங்கவிட்டு, ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஏனென்று அத்தையிடம் கேட்டேன்.

“குழை தொங்குச்சுன்னா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம்டி. ஐயனாரு பாத்துக்குவாரு,” என்றாள்.

திரும்பி வந்தவர்கள் குழையை எடுத்துவிடும் வழக்கமில்லை. அதை அத்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளை நிறையக் காய்ந்த குழைகள். அத்தனை பேரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், தேன் எடுக்க என்று சொல்லிக் காட்டுக்குப் போகத் தொடங்கினார். முதல் தடவை பாதை தொடக்கம் வரை நானும் கூடப் போனேன். அவர் குழை தொங்கவிட்டதைக் கண்ணால் கண்டேன். மாலையில் தேனில்லாமல் வந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் குழை அப்படியே தொங்கியது.

ஆக, வீட்டுக்கு வந்திருப்பவர் சித்தப்பா இல்லை.

ஆதாரங்களும் சேர்ந்தன. வந்தவர் தேநீரில் உப்பைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் குடித்தார். சுவரைப் பார்த்துச் சிரித்தார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே தம்பி எங்கே என்று தேடினார். ஒருநாள் சாப்பிடும்போது, எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லாத ஒரு பெயரால் என்னைக் கூப்பிட்டார். அம்மா சட்டென்று நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்களே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அவர் முதுகில் ஏறுவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

“என்னடி, கிட்டயே வரமாட்டேங்கிற?” என்றார்.

“நீங்க யாரு?”

“அதுதான் எனக்கே தெரியல,” என்று சொல்லி மறுபடி சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

உண்மையான சித்தப்பா அந்த இருட்டில் என்ன சாப்பிடுகிறாரோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியவர்கள் அசையாததால் நானே மீட்பது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு அந்தக் கிளைக்குப் போனேன். முதல் தடவை அவர் தொங்கவிட்ட குழை அதற்குள் காய்ந்து மற்றவற்றோடு கலந்திருந்தது. எது அவருடையது என்று தெரியவில்லை. ஆகையால் எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டேன். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் காட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்டது. முதலில் வந்தவர் சித்தப்பா; தலை குனிந்திருந்தது. அவருக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய பெரியவர், இன்னும் இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. இன்னும் நிறையப் பேரை எதிர்பார்த்திருந்தேன். பரவாயில்லை என்று வீட்டுக்கு ஓடினேன்.

“அம்மா, சித்தப்பா வந்துட்டாரு. உள்ள இருந்தவங்களும் கூட வராங்க.”

அம்மா வாசலுக்கு வந்து மலையை ஒரு பார்வை பார்த்தாள். உலையில் இன்னும் கொஞ்சம் அரிசியை அள்ளிப் போட்டாள். அத்தை அவசரமாகப் பாய் விரித்தாள்.

தலைப்பாகைக்காரர் காட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. ஞாயிறுதோறும் காடு தாண்டி வந்து தம் மகளோடு பேசிக்கொண்டிருந்த இளைஞனை அன்றைக்குக் கையோடு பிடித்து, வீட்டுப் பெரியவர்களைப் பார்க்க வேண்டும் என்று முன்னால் நடக்கவிட்டுக் கூட்டிவந்திருந்தார். அந்த மகள் வைகாசியில் எனக்குச் சித்தியாகி, பல வருஷங்கள் கழித்துச் சிரித்துச் சிரித்துச் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அன்று நான் கதவோரம் நின்று, விடுதலையானவர்களைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லோர் முகமும் இறுகியிருந்தது. பேச்சு திருச்சிப் பக்கத்து ஊர்களுக்குப் போய், ஏதோ ஓர் உறவில் முட்டியதும் தெளிந்தது. கங்காணி சித்தப்பாவின் நட்சத்திரத்தைக் கேட்டார். பெண்மணி அம்மாவின் ரசத்தைப் புகழ்ந்தாள். சித்தப்பா இன்னும் தேநீரில் எதையோ தவறாகப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு நாள் அடைபட்டிருந்தவர், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெற்றிலை போட்டார்கள், கும்பிட்டுக்கொண்டார்கள். பொழுது சாயுமுன் போய்விட வேண்டும் என்று எழுந்தார்கள். நான் இவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்தவர்கள், ஒருவரும் வற்புறுத்தாமலே, சிரித்துப் பேசிக்கொண்டு மறுபடி அந்தக் காட்டுக்குள்ளேயே ஏன் போனார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.