அம்மா ஒளித்து வைத்த கிரீடம்

அம்மாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். மேலே நான்கு கைத்தறிச் சேலைகள். அதற்குக் கீழே என்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் புத்தகம். அதற்கும் கீழே, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு கிரீடம். அட்டையில் வெட்டி, பொன் நிறச் சரிகைத் தாள் ஒட்டிய கிரீடம். ஏழு சிவப்புக் கற்களில் மூன்றுதான் மிச்சம். பின்பக்கத்து எலாஸ்டிக் தொய்ந்து தொங்கியது. சிறுபிள்ளை விளையாட்டுச் சாமான்தான். ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. பயம். முப்பது வருடம் வகுப்பறையில் பிள்ளைகளை மிரட்டிச் சம்பளம் வாங்கியவள் நான். ஓர் அட்டைக் கிரீடத்தைக் கண்டு, வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தக் கிரீடம் வந்தது எழுபதுகளின் கடைசியில். அப்பா லாரி டிரைவர். மதுரைக் காளவாசலில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பம்பாய் போய்த் திரும்பப் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவார், அநேகமாக யாருக்கும் உதவாத பொருளாகப் பார்த்து. ஒருமுறை மடக்கினால் உள்ளங்கையில் அடங்குகிற குடை வந்தது. விரித்த முதல் நாளே காற்றில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது வந்தது ராஜகுமாரி செட்டு. பெட்டியின் முகப்பில் கண்ணாடித் தாள். உள்ளே கிரீடம், பாசிமாலை, காதைக் கவ்விக்கொள்ளும் கம்மல், கைக்கண்ணாடி, முனையில் நட்சத்திரம் வைத்த ஒரு கோல். பெட்டியின் மேல் மஞ்சள் முடியும் தரையைப் பெருக்குகிற கவுனுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கண்ணைத் தாழ்த்தி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோல் எதற்கென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னாளில் அது பல்லி விரட்டப் பயன்பட்டது.

அம்மா பெட்டியைக் கையில் வாங்காமலே அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“பொம்பளப் பிள்ளைகளுக்குன்னே செஞ்சு விக்கிறாங்க. பம்பாயில அம்புட்டுப் பிள்ளைகளும் இதத்தான் கேட்டு அழுகுதாம்” என்றார் அப்பா பெருமையாக.

“ஆம்பளப் பிள்ளைகளுக்கு என்ன செஞ்சு விக்கிறாங்க?”

“லாரி, ரயிலு, சாவி குடுத்தா ஓடுற காரு.”

“அதெல்லாம் ஓடுதுல்ல. இவ மட்டும் ஏன் உக்காந்தே இருக்கா?”

அப்பா, விளையாட்டுச் சாமானுக்குப் போய் இம்புட்டுப் பயமா என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை அவள் ஒரே மூச்சில் சொன்னதே கிடையாது. எனக்குத் தலை வாரிவிடும்போது துண்டு துண்டாகச் சொல்லுவாள். எட்டாம் வகுப்பில் அவள்தான் கணக்கில் முதல். பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆளாகிவிட்டாள். தாய்மாமன் தென்னங்கீற்று கொண்டுவந்து முற்றத்தில் பச்சைக் குச்சு கட்டினார். அதற்குள் உட்கார்ந்து கீற்று இடுக்கு வழியாக, தன்னோடு படித்த பிள்ளைகள் பரீட்சைக்குப் போவதையும் வருவதையும் பார்த்தாளாம். சடங்கன்று வாடகைக்கு எடுத்த கிரீடத்தைத் தலையில் வைத்து, பூச்சடை பின்னி, பின்னால் கண்ணாடி வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ராசாத்தி மாதிரி இருக்கிறாள் என்று ஊரே கன்னத்தை வழித்தது. வாசலில் யாரோ அவளுடைய கணக்கு டீச்சர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அம்மாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, அத்தனை கனம். கிரீடத்தைக் கழற்றியபோது டீச்சர் போய்விட்டிருந்தார். அடுத்த தையில் கல்யாணம். “கிரீடம் வச்சவளால கழுத்தத் திருப்ப முடியாதுடி” என்பாள். சொல்லும்போது சீப்பு என் மண்டையில் கொஞ்சம் அழுந்தும்.

எனக்கும் அதே வழிதான் போட்டு வைத்திருந்தார்கள். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, திருப்பரங்குன்றத்தில் கோவிலுக்குப் போகிற தெருவில் தேங்காய்க் கடை வைத்திருந்தார். அவருடைய மகனுக்கு நான் என்பது நான் பிறந்த அன்றே முடிவான பேச்சு. ஆளானால் சடங்கு, சடங்கு முடிந்தால் அடுத்த தையில் கல்யாணம். மாமா சொல்லுக்கு அப்பா மறுசொல் சொன்னதில்லை. அம்மாவுக்கு என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு ஆசை கிடையாது. ஆகவே அவள் என் உயரத்தை மாசாமாசம் பயத்தோடு கவனித்து வந்தாள். மற்ற வீடுகளில் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். அந்த நேரத்தில்தான் பம்பாயிலிருந்து கிரீடம் வந்து சேர்ந்தது. அன்றைக்கே அதைப் பரணில் போட்டுவிட்டாள்.

பரண் என்ன எட்டாத உயரமா? அரைப்பரீட்சை லீவில் ஒரு மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் பெட்டியை இறக்கினோம். ராஜகுமாரி என்ன செய்வாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. கிரீடம் வைத்த பெண் என்றால் நாங்கள் பார்த்தது சடங்கு வீட்டில் மட்டும்தான். அதனால் சடங்கு விளையாடினோம். நான் கிரீடம், மாலையெல்லாம் போட்டு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். தோழி உலக்கையை எடுத்து எனக்கு முன்னால் குறுக்கே போட்டாள், ஆளான பெண்ணைத் தனியே உட்கார வைக்கும்போது நிஜமாகவே செய்வது போல. பிறகு குலவையிட்டாள். முளைப்பாரி எடுக்கும்போது பெரிய பொம்பளைகளையே மிஞ்சுகிற தொண்டை அவளுக்கு.

தெருவில் தயிர்க்காரம்மா போய்க்கொண்டிருந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உலக்கை, மூலை, குனிந்த தலை, மினுங்குகிற கிரீடம். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்பது முறையும் இல்லை. முகம் மலர, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்களும் நல்லாத்தான் விளையாடினோம் போலிருக்கிறது என்று குதித்தோம். அவர் எங்கே போனார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. தாய்மாமன் வீட்டுக்கு முதலில் சேதி சொல்கிறவருக்குச் சீனியும் சேலையும் உண்டு. திருப்பரங்குன்றம் அவர் தயிர் ஊற்றுகிற ஊர்தான்.

காலையில் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் மாட்டு வண்டி திரும்பியது. வண்டி நிறையப் பச்சைத் தென்னங்கீற்று. பின்னால் மாமா, மாமி, தாம்பாளம் ஏந்திய பெண்கள், ஒரு கொட்டுக்காரர். நான் கதவோரம் நின்று அம்மாவைத்தான் பார்த்தேன். வாளி கையிலிருந்து நழுவியது. அவள் பார்த்தது வண்டியை இல்லை, கீற்றை. தன் கீற்றே திரும்பி வந்துவிட்டது என்பது போல நின்றாள். அப்படி ஒரு முகத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

விஷயம் விளங்கியதும் அம்மா பரணிலிருந்து பெட்டியை எடுத்துவந்து கிரீடத்தைக் காட்டினாள். பிள்ளைகள் விளையாடியது என்று சொன்னாள். தோழியைக் கூட்டிவந்து சொல்ல வைத்தாள். மாமி நம்பவில்லை. உலக்கை எப்படி வந்தது, குலவை எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூடியிருந்தவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கூசிப்போய் நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன்.

“மறைக்கிறியா தாயி? படிக்க வைக்கணும்னு மறைக்கிறவக நாலு பேர எனக்குத் தெரியும்” என்றார் மாமா.

அம்மா உள்ளே போனாள். சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்துவந்து மாமாவின் காலடியில், வெறுந்தரையில் ஏற்றினாள். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். சதை பொசுங்குகிற வாடை வந்தது.

“எம்பிள்ள இன்னும் ஆளாகலண்ணே. பொய் சொன்னா என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்.”

கொட்டுக்காரர் மேளத்தை உறைக்குள் போட்டார். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஊரைக் கூட்டிக்கொண்டு சீர் எடுத்துவந்து, விளையாட்டுப் பிள்ளைகளிடம் ஏமாந்து திரும்புவது லேசான அவமானமா? “இனி நீயாச் சொல்லிவிட்டாத்தான் இந்த வாசல மிதிப்பேன். எவ வந்து என்ன சேதி சொன்னாலும் நம்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கோபத்தில் சொன்ன வார்த்தை. அம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், நிஜமாகவே அது நடந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். அப்புறம் ஜன்னலை. குலவை இல்லை, உலக்கை இல்லை. “நீ சொல்லல, நான் கேக்கல” என்றாள். மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் எங்கள் வீடு திருடர்கள் வீடு போல நடந்தது. என் துணி அவள் சேலைக்கு அடியில் காயும். தயிர்க்காரம்மா குரல் கேட்டால் நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாண்டி விளையாட ஓட வேண்டும். திருவிழாவுக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், தீட்டு நாள் எது, எதைச் சொல்லித் தப்பிப்பது என்று விரல் விட்டு எண்ணுவாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வயிற்றில் ரகசியம் தங்காது. எனக்குச் சிரிக்கவும் பயம், வளரவும் பயம். பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் மூச்சு விட்டேன்.

அந்த நாட்களில்தான் அம்மா கிரீடத்தைப் பரணிலிருந்து தன் பெட்டிக்கு மாற்றினாள். யாராவது, என்ன, பிள்ளை வளர்ந்துவிட்டாளே என்று இழுத்தால், உடனே அதை எடுத்துவந்து காட்டுவாள். இந்த ராஜகுமாரியால் எங்கள் அண்ணன் பட்ட பாட்டைக் கேளுங்கள் என்று ஆரம்பித்து, வண்டி, கீற்று, கொட்டு எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை. எந்தப் பொம்மையைக் கண்டு நடுங்கினாளோ, அதையே வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டாள். ஆனால் அவர்கள் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். கண்ணில் தூசி விழுந்தால்கூட வெலவெலத்துப் போவாள். நீ சத்தியம் செய்தபோது அது உண்மைதானே அம்மா என்று ஒருநாள் கேட்டேன். “அன்னைக்கு அணைச்ச சூடம் அன்னைக்குத்தான் செல்லும். இன்னைக்கு ஏத்தச் சொன்னா நான் என்ன செய்வேன்?” என்றாள்.

யாரும் ஏற்றச் சொல்லவில்லை. மாமாவும் வரவில்லை. காத்துக் காத்துப் பார்த்த மாமி, தன் தம்பி மகளையே மகனுக்கு முடித்துக்கொண்டார். அந்தக் கல்யாணப் பந்தியில் அம்மா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று, தயிர்க்காரம்மாவைக் கூப்பிட்டு, போய் அண்ணனிடம் சொல்லச் சொன்னாள். மாமா முதலில் நம்பவே மறுத்துவிட்டாராம். பிறகு வந்தார். கீற்றை இறக்கினார். அம்மாவின் உள்ளங்கையில் இருந்த தழும்பைச் சற்று நேரம் பார்த்தார். குச்சு கட்டக் கயிறு கேட்டார். சடங்கில் எனக்கும் வாடகைக் கிரீடம் வைத்தார்கள். அம்மா சொன்னது சரிதான், கழுத்து திரும்பவில்லை. ஆனால் ஜூனில் நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்தேன். அப்புறம் ஆசிரியப் பயிற்சி, வேலை, நானே பார்த்துச் சரி என்று சொன்ன கல்யாணம்.

ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. அறுபது வயதில் கண்புரை வந்தபோது, டாக்டர் இது எல்லோருக்கும் வருவது என்று எத்தனையோ தடவை சொன்னார். “எனக்குத் தெரியும், அது அந்தச் சூடம்” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். என் மகள் ஆளான அன்று போனில் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் தணிந்துவிட்டது.

“யார்ட்டயாவது சொல்லிட்டியா?”

இது எந்தக் காலம் அம்மா, அவள் நாளைக்கு வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன்.

“துணிய வெளிய காயப் போடாத” என்றாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், நாளைக்குத்தான் வருவாள். என்ன தோன்றியதோ, கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்து, பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். நரைத்த தலையில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்போது வாசலில் யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவராக இருக்கும், காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கிரீடத்தைப் பிடுங்கி, வேட்டித் துணியில் சுற்றி, சேலைகளுக்கு அடியில் திணித்து, பெட்டியை மூடிவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போனேன்.