ரிப்பன் கேக்கில் விரிந்த கடல்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் அம்மா நிறம் நிறமாக அடுக்கிச் செய்த ரிப்பன் கேக்கைத் தின்னவில்லை. இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டில் படுக்க வைத்து, ஒன்றோடொன்று முட்ட விட்டார். நடுவிலிருந்து இந்தப் பக்கம் ரோஸ், பச்சை, மஞ்சள். அந்தப் பக்கமும் அதே ரோஸ், பச்சை, மஞ்சள். குசினி வாசலில் நின்ற அம்மாவின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் என்னால் சிரிப்பை அடக்க முடிவதில்லை. முதல்நாள் முழுக்கக் கை நோக அடித்துச் செய்த கேக் அல்லவா அது!

குற்றம் அவருடையதல்ல, அப்பாவுடையது. அப்பா மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே ஆட்களை ஏற்றும் லோஞ்ச் படகு ஓட்டியவர். என்னைப் பார்க்க வருகிற எவரிடமும் சம்பளமோ காணியோ விசாரிக்க மாட்டார். "தம்பி, அண்டைக்குக் கடல் ஏன் வந்தது?" என்று ஒரே கேள்விதான். சுனாமியைத்தான் கேட்பார். வந்தவர்களில் ஒருவர் கடவுள் சித்தம் என்றார். இன்னொருவர் ஏதோ நாடு கடலுக்கடியில் குண்டு வெடிக்க வைத்தது என்று அடித்துச் சொன்னார். "சரி, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்று அப்பா அனுப்பிவிடுவார். எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லோஞ்சில் அப்பாவோடு வேலை செய்த கூட்டாளி ஒருவர் இருந்தார். கிறிஸ்து பிறந்த நத்தார் இரவு நன்றாகக் குடித்துவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசைக்கும் போகாமல், கரையில் தன் தோணிக்குள் படுத்துக் கிடந்தவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. குடிகாரனுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவருடைய செத்தவீட்டிலேயே கதைத்தார்கள். அவர் மனைவி அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். அது பொய் என்று அப்பாவின் மனதுக்குத் தெரியும். எடுத்துச் சொல்லத்தான் அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அதைத்தான் பாவம் மனிதர் மாப்பிள்ளைமாரிடம் தேடிக்கொண்டிருந்தார்.

கேக்கைத் தின்னாத இவரைப் பேசிக்கொண்டு வந்தது அப்பாவின் தங்கையான மாமி. புவியியல் வாத்தியார் என்று சொல்லியிருந்தார். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டதும், "ஐயா, அதுக்குக் கொஞ்சம் பின்னாலை போகவேணும்" என்று தொடங்கியவர் கொஞ்சமாகவா போனார்! கோடிக்கணக்கான வருடம் போனார். எங்கள் தீவும் இந்தியாவும் ஆபிரிக்காவும் தென்துருவப் பனிக்கண்டமும் அப்போது ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தனவாம். கண்டங்கள் விலகிப் போயின என்று துணிந்து சொன்னவர் ஒரு வானிலை ஆராய்ச்சியாளராம். 'இவ்வளவு பெரிய நிலத்தை எது தள்ளியது?' என்று கேட்டுப் பாறை படித்தவர்கள் அவரைப் பகிடி பண்ண, அதற்குச் சரியான பதில் கிடைக்கும் முன்பே அவர் பனிக்காட்டில் இறந்துபோனாராம்.

அப்பா மாமியைப் பார்த்தார். "நான் கடலைக் கேட்டா, தம்பி பனிக்கெல்லோ போறார்."

அப்போதுதான் கேக் தட்டுக்கு வந்தது. அந்த ஆராய்ச்சியாளர் இறந்த பிறகு கப்பல்கள் கடலின் ஆழத்தை அளந்தனவாம். அந்த அளவுகளை வைத்துப் படம் வரைந்த ஒரு பெண், சமுத்திரத்துக்கு நடுவே கிடக்கும் மலைத்தொடரின் உச்சியில் நீள ஒரு பிளவு ஓடுவதைக் கண்டுபிடித்தார். கூட வேலை செய்தவர் அதைப் பெண்பிள்ளைக் கதை என்று முதலில் தள்ளிவிட்டார் என்றார் வாத்தியார். அந்தப் பிளவுக்குள்ளால் உருகிய பாறை மேலே வந்து இறுகுகிறதாம். முன்பு வந்ததை இரு பக்கமும் தள்ளுகிறதாம். பூமியின் காந்தம் இடைக்கிடை தலைகீழாகத் திரும்புமாம்; இறுகும்போது காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அது பாறையில் பதிந்துவிடுமாம். "அதாலைதான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கோடு. இந்தாருங்கோ, இந்தக் கேக் மாதிரி."

நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். வாயை மூடிக்கொண்டு நிற்க ஏலாமல் போய்விட்டது. "அப்ப புதுத்தரை வந்துகொண்டே இருந்தா பூமி ஊதாதோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ மாதாவே! பிள்ளை, நீ உள்ளை போ" என்றார் மாமி.

வாத்தியாரோ கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! "போகாதேங்கோ! அப்ப படிச்ச ஆக்களும் இதைத்தான் கேட்டவை. ஊதாது. ஒரு பக்கம் புதுசா வந்தா, மற்றப் பக்கம் பழசு கீழை போகும். சுமாத்திராப் பக்கம் அப்பிடித்தான்." சொல்லிக்கொண்டே ஒரு கேக் துண்டை மேசையில் வைத்து, பற்றிஸ் பலகாரத் தட்டின் விளிம்புக்குக் கீழே தள்ளினார். அது ஐசிங்கில் ஒட்டிச் சிக்கிக்கொண்டது. இன்னும் அழுத்தித் தள்ளினார். தட்டு துள்ளியது, பக்கத்திலிருந்த கோப்பை சரிந்தது, தேத்தண்ணி மேசை நீளத்துக்கும் ஓடி அப்பாவின் வெள்ளைக் காற்சட்டையில் ஊற்றியது.

அம்மா துவாயோடு ஓடி வந்தார். அப்பா கையால் தடுத்தார். மேசையிலிருந்து சொட்டுகிற தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிக்குப்பட்டுக் கிடந்தது துள்ளினது. அவ்வளவுதானோ தம்பி?"

"அவ்வளவுதான் ஐயா."

"ஆரிலையும் கோவமில்லை?"

"ஒருத்தரிலையும் இல்லை. அங்கை எத்தினையோ வருசமாச் சிக்குப்பட்டுக் கிடந்தது. ஒருநாள் விட்டுது."

அப்பா சிரித்தார். ஈரக் காற்சட்டையோடு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணிலும் தண்ணீர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கேள்வியைக் கேட்டது நீ. நீயே சொல்லு பிள்ளை, உனக்குச் சம்மதமோ?" அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் சொன்ன "ஓம்" அடுத்த வீட்டுக்கும் கேட்டதாக மாமி இன்றைக்கும் பழிக்கிறார்.

அப்பா இப்போது லோஞ்ச் ஓட்டுவதில்லை. போன நத்தாருக்கு மறுநாள் நாங்கள் எல்லோரும் அப்பாவின் கூட்டாளியின் மனைவியோடு சேமக்காலைக்குப் போய், கூட்டாளியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம். பக்கத்தில் நின்ற யாரோ பெருமூச்சோடு அந்தப் பழைய கதையை எடுத்தார்கள்: குடியாமல் பூசைக்குப் போயிருந்தால் மனிதன் இன்றைக்கும் இருந்திருப்பானாம்.

அப்பா விடவில்லை. "சுமாத்திராவிலை கடலுக்கடியிலை தரை துள்ளினதுக்கு, இஞ்சை இவன் குடிச்ச சாராயம் என்ன செய்யும்?"

முதலில் சிரித்தது கூட்டாளியின் மனைவிதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அந்தக் கல்லறையைப் பிடித்தபடி சிரித்தார்.