கிட்டாருக்குப் பின்னால் சேவியர் அண்ணா

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப நீங்க பாடுவீங்களா?" என்பது. இல்லை என்றதும் இரண்டாவது கேள்வி வராது. கண்ணாடிக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் நின்று பிழைக்கிற எல்லாருக்கும் இது பழகிப்போயிருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கூடம் மொன்றியலில், வில்லரேயில், ஒரு டெப்பனருக்குக் கீழே இருக்கிறது. இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர். நடுவில் பல வருடம் சென்னையில் சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்துவிட்டு, ஐம்பதை நெருங்குகிற வயதில் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்திருக்கிறேன். வந்தபோது நாற்காலி இருந்தது, சேவியர் அண்ணா இல்லை. மட்டக்களப்புக்காரர். பழைய ராக் பாட்டு பதிவு செய்ய யார் வந்தாலும் பியானோவுக்கு அவரைத்தான் கூப்பிடுவோம். வருவார், வாசிப்பார், தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

போன மாதம் அவர் மனைவி ரோசி அக்கா போன் செய்தார். ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடுகிறார்களாம்.

"வீட்டுல கீபோர்டுல, காதுல ஹெட்ஃபோனப் போட்டுத்தான் வாசிப்பார் தம்பி, பக்கத்து வீட்டாக்களுக்குத் தொந்தரவு எண்டு. இத்தின வருசமா நான் கேட்டது கட்டை தட்டுற சத்தம் மட்டும்தான். இசைத்தட்டுல கேட்டா எல்லாத்துலயும் கிட்டார்தான் முன்னுக்கு நிக்குது. இவர் தனிய வாசிச்சது ஒண்டு இரிந்தா கொண்டுவாங்க."

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் தனியாக வாசித்தது ஒன்றுகூட இல்லை. பழைய பதிவுகளைத் தோண்டத் தோண்ட வந்ததெல்லாம் கீழே இருப்பவைதான்.

மேல்மாடி ஃப்ரிட்ஜ்

டெப்பனரில் ஆள் உயரத்துக்கு ஒரு பால் ஃப்ரிட்ஜ் உண்டு. பாட்டு அமைதியாகும் இடத்தில் அதன் உறுமல் கூரை வழியாக இறங்கி மைக்கில் விழும். ஒருநாள் சேவியர் அண்ணா கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரு கட்டையை அழுத்தினார். ஃப்ரிட்ஜின் சுருதி அச்சாக அதுதான். "பாட்ட அரைக் கட்டை இறக்கினா ஃப்ரிட்ஜும் நம்மளோட சேந்து வாசிக்கும், தம்பி" என்றார். பாடகர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் தொண்டைக்கு அந்த இடம் சரிவராது என்றார்.

கூடத்தின் முதலாளி மார்செல் என்னை மாடிக்கு அனுப்பினார். கடைக்காரர் குலம் அண்ணை யாழ்ப்பாணம். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜை நிறுத்த முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் லாட்டரிச் சீட்டுகளை அடுக்கியபடியே சொன்னார்: "உங்கடை பாட்டை நாளைக்கும் பாடலாம். என்ரை பால் நாளைக்குப் பாலா இராது." பாட்டு அரைக் கட்டை இறங்கியது.

பியானோவுக்கு லீவா?

சேவியர் அண்ணா வாசிக்கிற முறையே தனி. முதல் சரணம் முழுக்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். இரண்டாவதில் நாலு சுரம். பிறகு மறுபடியும் மடி. புதிதாக வருகிறவர்களுக்கு இது தாங்காது. தலைமுடியை இடுப்புவரை வளர்த்த ஒரு கிட்டார்காரர், கொஞ்சமும் இடைவெளி விடாமல் வாசித்து முடித்துவிட்டு, "என்ன சார், பியானோவுக்கு இன்றைக்கு லீவா?" என்று சிரித்தார். சேவியர் அண்ணா கோபப்படவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற குரலில் பதில் சொன்னார்: "நீ மூச்சு விட்டா நான் வருவன்."

டாக்டர் அங்கிளின் தீர்ப்பு

நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அப்பா வீட்டில் ஒரு கொலுவுக்கு அவரையும் ரோசி அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பேராசிரியர்கள், மீதிப் பேர் டாக்டர்கள். சமையலறை ரேடியோவில் யாரோ பழைய ராக் நிலையத்தை வைத்திருந்தார்கள். நாங்கள் பதிவு செய்த பாட்டு ஒன்று வந்தது. சுண்டலோடு நின்றிருந்த டாக்டர் அங்கிள் காதைத் தீட்டிக்கொண்டு, "அந்த பியானோவ கவனிச்சீங்களா? இதெல்லாம் வெள்ளைக்காரன் வாசிக்கணும் சார். நம்ம ரத்தத்துலயே கிடையாது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சேவியர் அண்ணா என் முழங்கையைப் பிடித்தார். கடைசிவரை நின்று கேட்டார். பிறகு டாக்டரிடம் மரியாதையாகச் சொன்னார்: "ஓம் டொக்டர். ஆனா முடிவுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

ஆறுதல்

லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் வருவார் ஒரு வயதான ராக் பாடகர். பிரெஞ்சு தவிர வேறெதுவும் பேசமாட்டார். சேவியர் அண்ணாவுக்கோ பியானோ முன்னால் உட்கார்ந்தால் ஆங்கிலமும் போய்விடும், தமிழ்தான் வரும். நான் ஐந்தாம் வகுப்புவரை சென்னையில் தமிழிலும் அதன்பிறகு இங்கே பிரெஞ்சிலும் படித்தவன், ஆகவே நடுவில் நான். பிரிவைப் பற்றிய பாட்டு அது. அவர் ரயிலைப் பிடிப்பவர்போலப் பாடிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை எடுத்தும் ஒட்டவில்லை. சேவியர் அண்ணா மைக்கில் சொன்னார்: "ஆறுதலாப் பாடச் சொல்லுங்க தம்பி."

ஆறுதல் என்றால் எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்கப் போகிற இடத்தில் சொல்வது. அப்படியே பிரெஞ்சில் சொன்னேன்: யாரையோ தேற்றுவதுபோல் பாடச் சொல்கிறார். பாடகர் ஹெட்ஃபோனைக் கழற்றி, முகத்தைக் கையால் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பாடினார். வேகம் துளியும் குறையவில்லை, ஆனால் மார்செல் கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அந்தப் பாடல்தான் இசைத்தட்டில் வந்தது.

அவர் போன பிறகு சேவியர் அண்ணா கேட்டார், அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று. சொன்னேன். இலங்கையில் 'ஆறுதலா' என்றால் அவசரமில்லாமல், மெதுவாக, அவ்வளவுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். அவர் பியானோ மூடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "ஓடாமப் பாடுங்க எண்டன். நீங்க அந்தாளச் செத்த வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. சரி, இனி எல்லாருக்கும் அப்பிடியே சொல்லுங்க."

மண்டபம்

தனியாக வாசித்தது இல்லை என்றானபிறகு ஒரே வழிதான் இருந்தது. பதிவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும். ஒரு வேகமான ராக் பாட்டை எடுத்தேன். டிரம்மை நிறுத்தினேன், கிட்டார்களை நிறுத்தினேன், பாடகரையும் நிறுத்தினேன். மிஞ்சியது பியானோ. அதுவும் பெரும்பகுதி நிசப்தம். நாலு சுரம், பிறகு ஸ்டூல் கிரீச்சிடும் சத்தம், நீண்ட ஒன்றுமில்லாமை, மறுபடி நாலு சுரம். மார்செல் கேட்டுவிட்டு, "வெறும் இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டிவிடு" என்றார். வெட்டி ஒட்டிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. யாரோ ஒரு கெட்டிக்காரர் வாசிப்பதுபோல இருந்தது. அதை அழித்தேன்.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சனம் நிறைந்திருந்தது. ரோசி அக்கா முன்வரிசையில் மடியில் கைப்பையோடு இருந்தார். பாட்டைப் போட்டேன். முதல் சரணத்து நிசப்தத்தில் சனம் பேசிக்கொண்டிருந்தது, முதல் நாலு சுரத்தில் மண்டபம் அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். "சத்தம் நிண்டுட்டு" என்றது ஒரு குரல். ஒருவர் எழுந்து வந்து ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தார். நான் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். கேட்கக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுவந்திருப்பது கேட்காத இடங்களை.

அப்போது பியானோ மறுபடி வந்தது. வயர்க்காரர் தன் கைவேலை என்று நினைத்துத் தலையாட்டினார். அடுத்த இடைவெளியிலும் அவர் வயரைத் தொடப்போக, ரோசி அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்ணைத் துடைத்தபடி, சிரிப்பும் கலந்து, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இது இவர்தான் தம்பி. வீட்டுலயும் இப்பிடித்தான். ஒரு சொல்லுச் சொல்லுவார், மறுகா நாங்க கதைச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு இரிப்பார்."

தேநீர் வேளையில் இன்னும் நாலு பேர் என்னைத் தேடிவந்து, அடுத்த முறை நல்ல ஸ்பீக்கர் கொண்டுவரும்படி அன்போடு கேட்டுக்கொண்டார்கள், நம் தொழிலில் இதற்குப் பெயர் பாராட்டு.