மாலை போட்ட என் கார்

அறுபதுகளின் கடைசியில் செய்த, எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். வாங்கியது நான், துருவைச் சுரண்டித் தகரம் ஒட்டி உயிர் கொடுத்தது நானும் நண்பனுமாக, கோடை கோடையாக. என் அப்பார்ட்மெண்டில் கராஜ் இல்லை. டொலார்ட் புறநகரில், அவன் வீட்டுக் கராஜில்தான் கார் உறங்கியது. எங்களுக்கு ஒரே சட்டம்: பனியை உருக்கத் தெருவில் உப்புக் கொட்டத் தொடங்கினால், வசந்த மழை அதைக் கழுவும்வரை கார் வெளியே வராது. நாங்கள் வெல்டிங் செய்து ஒட்டிய கார்த் தரையல்லவா, உப்பு தின்றுவிடும்.

ஒரு சித்திரை மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பால் வாங்க மூலைக்கடை டெப்பனருக்குப் போயிருந்தான். அவன் மனைவி, மாசியில் நடந்த தன் தங்கையின் கலியாண வீடியோவைப் போட்டாள். "சின்னதாச் செய்யிறம், ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று அவன் என்னிடம் சொன்ன கலியாணம். மண்டபம் கொள்ளாத சனம். சேற்றுப் பனியை வாரியிறைத்தபடி, மாலை போட்ட என் கார் வாசலில் வந்து நின்றது.

"இவரிட்டைக் கலியாணக் கார்ட் குடுத்துவிட்டும் நீங்கள் வரேல்லை எண்டு எனக்குச் சரியான கவலை. ஆனா காரை அனுப்பினியள், பெரிய மனசு அண்ணை" என்றாள் அவள்.

பால் பையோடு அவன் உள்ளே வந்தான். டிவியைப் பார்த்தான்.

"வடிவாக் கழுவித்தான் விட்டனான், அண்ணை."

"கலியாணத்துக்கு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா, அந்த உப்புக்குள்ளை நீங்கள் காரைத் தந்திருப்பியளே?"

நான் கையை நீட்டினேன். தன் சாவிக்கொத்திலிருந்து என் கார்த் திறப்பைக் கழற்ற அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அவன் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.