மீன் தொட்டிக்காரி நம்கித்தா

இன்று எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர் என் அக்காவை "உயர்குலத்து மங்கை" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நியாபோலிஸ் துறையில் மீன் குடலை உப்பில் ஊறவைக்கும் தொட்டிகளில் இடுப்பளவு இறங்கி வேலை செய்தவள் நம்கித்தா. அந்தக் கூலியில்தான் நான் கார்த்தேஜுக்குப் போய்ப் படித்தேன். அவள் உயிரோடு இருந்தவரை சபைப் பெண்கள் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். செத்த பிறகு குலத்தை மாற்றிவிட்டார்கள்.

எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசரின் ஆணை வந்ததும் சபை கூடும் வீட்டின் சொந்தக்காரி ஹொனோராத்தாதான் முதல் ஆளாகச் சதுக்கத்துக்கு ஓடினாள். சிலைக்கு முன் சாம்பிராணி போட்டாள், பலிக்கறி தின்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். அக்காவைத் தொட்டியிலிருந்து அப்படியே இழுத்து வந்தார்கள்.

"ஒரு சிட்டிகைதானேம்மா. போட்டுட்டு வேலைக்குப் போ," என்றார் அதிகாரி.

"ஒரு சிட்டிகைதான்னா விட்டுருங்களேன் ஐயா. அதுக்கு ஏன் இத்தனை ஈட்டி?"

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "சாம்பிராணிய அவ மேலயே போடுங்கடா, நாத்தமாவது போகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். கையை மட்டும் நீட்டவில்லை.

சிறையில் அவளை யாரும் அடிக்கவில்லை. சோறு தண்ணீரை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அடித்தால் ஊர் பார்க்கும்; தாகத்தை யார் பார்ப்பது? நான் கொண்டுபோன குடத்தைக் காவலாளி வாசலிலேயே கவிழ்த்தான். கம்பி வழியாக முகத்தை மட்டும் பார்க்கவிட்டான்.

விசுவாசத்துக்காகச் சிறையில் கிடப்பவர் ஒரு வார்த்தை சொன்னால், மறுதலித்தவரைச் சபை திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அந்த வார்த்தைக்காக ஹொனோராத்தா வந்தாள். சாம்பிராணி போட்டவள் என்பதால் அவளுக்குக் காவலாளி கதவையே திறந்துவிட்டான். அவள் முந்தானையை யார் சோதிக்கப்போகிறார்கள்? ஒரு வாய் தண்ணீரை மறைத்துக் கொண்டுபோயிருக்கலாம். வெறுங்கையோடு போனாள்.

"நம்கித்தா, ஒரு வார்த்தை சொல்லும்மா. பிள்ளைங்கள நினைச்சுத்தான் போட்டேன். சபை இல்லாம என்னால இருக்க முடியல."

நான் கம்பிக்கு வெளியிலிருந்து கத்தினேன். "அக்கா, வாயத் திறக்காத! உன் உதட்டப் பாத்துமா இவ தண்ணி கொண்டு வரல?"

வெடித்த உதட்டை நக்கிக்கொண்டு அக்கா சொன்னாள்: "பயந்து போயிருக்காடா தம்பி. பயந்தவளுக்குத் தண்ணி ஞாபகம் எங்க வரும்?"

"அப்ப நீ பயப்படலியா?"

"பயமாத்தான் இருக்கு. அதான் அவ பயம் எனக்குத் தெரியுது. மூப்பர்கிட்ட போய்ச் சொல்லு, இவளச் சேத்துக்கணும்னு நான் கேட்டேன்னு. நீதான் சொல்லணும். வேற ஆளு சொன்னா நம்பமாட்டாங்க."

மறுநாள் விடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஹொனோராத்தாவைத் தவிர அதைக் கேட்டது நான் ஒருவன்தான். அவள் தானே சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? ஆனால் உயிர் போகும் நேரத்தில் அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். மூப்பரிடம் போய் அவள் சொன்னபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் வெளியே வந்து சுவரைக் குத்தினேன், விரல் வீங்கியது.

இன்று அக்காவின் நினைவு விருந்தில் ஹொனோராத்தா முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். செத்தவளின் தம்பி என்பதால் அப்பம் பகிர்வது என் வேலை. ஹொனோராத்தா அருகே வந்ததும் என் கை நின்றது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பிட்டுக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கச் சொல்லி அக்கா கேட்கவில்லை.